வீட்டுக்கு ஒரு தீயணைப்பான்: வாங்குவது முதல் பின்னை இழுப்பது வரை

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளியன்று எங்கள் சமையலறையில் தீப்பிடித்தது. வடை சுட அம்மா எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்தவரிடம் பேசப் போயிருந்தார். பேச்சு நீண்டுவிட்டது. எண்ணெய் புகைந்து, தானாகவே பற்றிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாணலிக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குத் தீ நின்றது.

எங்கள் வீட்டில் தீயணைப்பான் இருந்தது. நானே வாங்கி, நானே சுவரில் துளை போட்டு மாட்டியது. ஆனால் அதை அடுப்பை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்தேன். தீயைத் தாண்டிக் கையை நீட்டினால்தான் எடுக்க முடியும். எனக்குக் கை போகவில்லை. பின்னாலேயே வந்த அம்மா, அடுப்பின் திருகை மூடிவிட்டு, பக்கத்தில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, ஓரத்திலிருந்து நகர்த்தி வாணலியை மூடினார். தீ அடங்கிவிட்டது. சுவர் மட்டும் கரிந்தது.

அன்று இரவு அந்தச் சிவப்பு உருளையைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். பிறகு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடமும், இந்தக் கருவிகளுக்கு ரீஃபில் செய்து தருபவரிடமும் விடாமல் கேட்டேன். அப்படிச் சேர்ந்தவைதான் இங்கே இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு தீயணைப்பான் சரியான இடத்தில் தொங்க வேண்டும், அதை எடுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு: பத்து நொடி

வீட்டில் வைக்கும் சிறிய தீயணைப்பானை முழுதாக அழுத்திப் பிடித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய பத்து நொடியில் தீர்ந்துவிடும். ஒரு கிலோ கருவி அதற்கும் முன்பே காலியாகும். பெரிய கருவிகளும் கால் நிமிடத்தைத் தாண்டுவது அரிது. தொலைக்காட்சியில் பார்ப்பதுபோல நின்று நிதானமாகப் பீய்ச்சிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியென்றால் இது எதற்கு? இப்போதுதான் தொடங்கிய, ஒரு குப்பைக் கூடை அளவுக்கு மேல் போகாத தீயை அணைப்பதற்கு. இல்லையென்றால், வெளியே போகும் வழியை மறித்திருக்கும் தீயை அடக்கிவிட்டுத் தப்பிப்பதற்கு. திரைச்சீலை பற்றி, கூரை வரை ஏறிவிட்ட தீக்கு இது பயன்படாது. அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவதுதான் சரி. எந்த வகை, எத்தனை கிலோ, எங்கே மாட்டுவது என்று இனி வரும் எல்லாமே இந்தப் பத்து நொடியை வீணாக்காமல் இருப்பதற்காகத்தான்.

எரிவது எது?

தீயணைப்பானின் மேல் ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கும். அவை தரத்தைக் குறிக்கும் எழுத்துகள் அல்ல; எரியும் பொருளைக் குறிப்பவை. நம் நாட்டில் ஏ என்றால் மரம், துணி, தாள், மெத்தை போன்ற திடப்பொருள்கள். பி என்றால் பெட்ரோல், மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் போன்ற திரவங்கள். சி என்றால் சமையல் கேஸ் போன்ற வாயுக்கள். டி என்பது மெக்னீசியம் போன்ற உலோகங்கள். வீட்டில் அதற்கு வேலை இல்லை. கொதிக்கும் சமையல் எண்ணெய்க்குத் தனியாக எஃப் என்ற வகை உண்டு.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் சி என்றால் மின்சாரத் தீ. சமையல் எண்ணெய்க்கு அங்கே கே என்று எழுதுவார்கள். யூடியூபில் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு, இங்கே வாங்கிய கருவியின் எழுத்தை அதே பொருளில் படிக்கக் கூடாது. நம் முறையில் மின்சாரத்துக்கென்று தனி எழுத்து கிடையாது. மின்சாரம் பாயும் கருவி மேல் அடிக்கலாமா, எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு தூரத்திலிருந்து என்பதெல்லாம் தாளில் தனி வரியாக இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எந்த வகை வாங்குவது?

தண்ணீர் வகையும் நுரை வகையும் பள்ளிக்கூடத்திலும் பெட்ரோல் பங்க்கிலும் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஒயரும் உண்டு, எண்ணெயும் உண்டு என்பதால் இரண்டையும் விட்டுவிடலாம்.

கார்பன் டை ஆக்சைடு வகையில் கறை, தூசி எதுவும் மிஞ்சாது. கம்ப்யூட்டருக்கும் மின்பலகைக்கும் நல்லது. ஆனால் துணி, மெத்தை போன்றவற்றில் தீ மேலாக அணைந்தாலும் உள்ளே கங்கு இருந்து மறுபடி பற்றும். வாயு வெளியேறும்போது அதன் கூம்பு முனை உறைநிலைக்கும் வெகு கீழே போய்விடும். அதற்கான பிடி இல்லாமல் முனையையே பிடித்தால் தோல் ஒட்டிப் புண்ணாகும். காற்றோட்டமில்லாத சின்ன அறையில் அடித்தால் நமக்கே மூச்சு முட்டும். அதே எடை பொடிக் கருவியைவிட உருளை கனமாகவும் இருக்கும்.

‘கிளீன் ஏஜென்ட்’ என்று விற்பது இதைப் போலவே கறையில்லாதது, விலை அதிகம். வீட்டில் ஒரு சின்ன அலுவலகமோ ஸ்டுடியோவோ வைத்திருந்தால் அந்த அறைக்கு மட்டும் யோசிக்கலாம்.

எஃப் வகைக்கான ‘வெட் கெமிக்கல்’ கருவி எண்ணெய்த் தீக்கென்றே செய்யப்பட்டது. அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் சூடான எண்ணெயோடு சேர்ந்து, சோப்பு போன்ற ஒரு படலமாக மேலே மூடிக்கொள்ளும். எண்ணெயையும் குளிர வைக்கும். ஓட்டல், மெஸ், கேட்டரிங் சமையலறைக்கு இது கட்டாயம் வேண்டும். வீட்டிலேயே முறுக்கு, சீடை, அதிரசம் சுட்டு விற்பவர்கள் ஏராளம் இருக்கிறார்கள்; பெரிய இருப்புச் சட்டியில் ஐந்து லிட்டர், பத்து லிட்டர் எண்ணெய் கொதிக்கும் வீடுகள் அவை. அவர்களும் இதை வாங்கத்தான் வேண்டும்.

மற்ற வீடுகளுக்கு என் பரிந்துரை ஏ.பி.சி. பொடி வகை. உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற மாவு போன்ற பொடி. தீயின் வேதிச் சங்கிலியை அறுப்பதோடு, எரியும் மரம், துணியின் மேல் உருகிப் படிந்து காற்றையும் தடுக்கிறது. மின்சாரத்தைக் கடத்தாது. ஒரே கருவியில் வீட்டுத் தீயின் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். அடித்த பிறகு வீடு முழுக்கப் பொடியாவதுதான் இதன் குறை.

கடையில் ‘மேப் 50’, ‘மேப் 90’ என்று சொல்வார்கள். அந்தப் பாஸ்பேட் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதுதான் அந்த எண். கட்டுப்படியானால் 90 வாங்குங்கள். ‘டி.சி.பி.’ (உலர் வேதிப் பொடி) என்று சொல்லி விற்பதைக் கவனித்து வாங்க வேண்டும். ஏ.பி.சி. பொடியையும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெறும் சோடியம் பைகார்பனேட் பொடியையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டாவது வகை பி, சி இரண்டுக்கும் மட்டும்தான். மெத்தையில் பிடித்த தீக்கு நிற்காது. தாளில் ஏ, பி, சி மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இப்போது ‘ஃபயர் பால்’ என்று பந்துகளும், வாசனைத் திரவிய டப்பா மாதிரி சின்னக் குப்பிகளும் விற்கின்றன. பந்து தானாக வெடித்துப் பொடியைத் தூவும்; நம்மால் குறிபார்த்து அடிக்க முடியாது. இருக்கட்டும் என்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். தீயணைப்பானுக்குப் பதிலாக இவற்றை நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எத்தனை கிலோ?

பெரிதாக இருந்தால் நல்லது என்று ஆறு கிலோவை வாங்கிவிடுகிறோம். ஆறு கிலோ என்பது உள்ளே இருக்கும் பொடியின் எடை மட்டும். உருளையோடு சேர்த்துத் தூக்கினால் பத்துக் கிலோவை நெருங்கும். பகல் முழுக்க வீட்டில் இருப்பது யார்? பெரும்பாலும் வயதானவர்கள். அறுபத்தைந்து வயது அம்மாவால் அதைக் கொக்கியிலிருந்து இறக்க முடியுமா? எங்கள் வீட்டில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்து ஓரடி கூட நடக்க முடியவில்லை. இன்னொன்று, அந்த ஆறு கிலோ பொடியையும் எட்டுக்கு எட்டு அடிச் சமையலறையில் அடித்தால் எதிரே ஒன்றுமே தெரியாது.

ஒரு கிலோ கருவி காருக்குச் சரி. வீட்டுக்கு நேரம் போதாது. எங்கள் வீட்டுக்கு நான் முடிவு செய்தது இதுதான்: சமையலறைக்காக இரண்டு கிலோ ஒன்று, கூடத்திலிருந்து வெளியேறும் வாசல் பக்கம் நான்கு கிலோ ஒன்று. மாடி வீடு என்றால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று வேண்டும். இரண்டு வாங்கக் காசில்லை என்றால் இரண்டு கிலோவில் ஒன்றாவது வாங்குங்கள். அதன் விலை ஒரு நல்ல மிக்ஸியின் விலையைவிடக் குறைவு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதற்கு மேல் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் தீயணைப்பான்களுக்கான இந்தியத் தர எண் அது. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம், இப்போதும் செல்லுபடியாகிறதா என்று வந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் பரவாயில்லை.

அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். அழுத்தும் மேல்நெம்பு அசையாமல் பூட்டி வைக்கும் ‘பின்’ கம்பி இருக்க வேண்டும்; அதைக் கட்டிய பிளாஸ்டிக் சீல் அறுபடாமல் இருக்க வேண்டும். தயாரித்த மாதமும் வருடமும் பாருங்கள். இரண்டு வருடம் கடையில் கிடந்ததை முழு விலைக்கு வாங்காதீர்கள். கடையில் தராசு இருந்தால் எடை போடுங்கள். மொத்த எடை எவ்வளவு என்று தாளிலேயே அச்சாகியிருக்கும். தள்ளுபடி விலையில் வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கினால் இந்தச் சோதனைகள் இன்னும் அவசியம். சுவரில் மாட்டும் கொக்கியையும் திருகுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது?

நான் தவறிய இடம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அடுப்புக்குப் பக்கத்திலோ மேலேயோ வேண்டவே வேண்டாம். சமையலறை வாசல் நிலைக்கு வெளிப்பக்கச் சுவர்தான் சரியான இடம். தீயைப் பார்த்ததும் நீங்கள் வாசலை நோக்கித்தான் நகர்வீர்கள். அங்கே கருவி கைக்கு வர வேண்டும். எடுத்துத் திரும்பினால் தீ முன்னால், வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் என்று அமைய வேண்டும்.

உயரம் பெரியவரின் மார்பளவு போதும். சின்னக் குழந்தைக்கு எட்டாது, பாட்டிக்கு எட்டும். பரணிலும், சிங்குக்குக் கீழ் அலமாரியிலும், கதவுக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். அழகுக்காக முன்னால் பூச்சாடியோ காலண்டரோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையோடு மாட்டியிருந்தால் இன்றைக்கே கிழித்து எறியுங்கள். நேரடி வெயில் படும் பால்கனியும், துணி துவைக்கும் ஈரமான இடமும் கருவிக்கு ஆகாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று அடிப்பகுதியை அரித்துவிடும் என்பதால், கூடத்தின் உட்புறமாக மாட்டுவது மேல்.

தீ பிடித்துவிட்டது: வரிசை

முதலில் சத்தம் போடுங்கள். “தீ!” என்ற ஒரே சொல் போதும். குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அனுப்புங்கள். ஒருவர் 101-க்கு அழைக்கட்டும். 112-க்கு அழைத்தாலும் தீயணைப்புத் துறைக்குத் தகவல் போய்விடும். அணைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி வருவதற்குள் அணைந்துவிட்டால் நல்லதுதான்.

எட்டுகிற தூரத்தில் இருந்தால் கேஸையோ மின்சாரத்தையோ நிறுத்துங்கள். பிறகு உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். தீ குப்பைக் கூடை அளவுக்குள் இருக்கிறதா? இருமாமல் மூச்சுவிட முடிகிறதா? எனக்குப் பின்னால் வெளியேற வழி இருக்கிறதா? எரியும் பொருளுக்கு இந்தக் கருவி பொருந்துமா? நாலுக்கும் ஆமாம் என்றால் மட்டும் கருவியைத் தொடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். கதவைச் சாத்துவதே புகையும் தீயும் பரவுவதை வெகுவாகத் தாமதப்படுத்தும். லிஃப்ட்டில் ஏறாதீர்கள். புகை சூழ்ந்துவிட்டால் தரையோடு குனிந்து, தவழ்ந்து போங்கள். மூச்சுவிடும் காற்று கீழேதான் இருக்கும்.

இனி அடிப்பது. இதை எங்கள் வீட்டில் நாலு சொல்லாக்கி வைத்திருக்கிறோம்: இழு, காட்டு, அழுத்து, ஆட்டு.

இழு: கருவியைத் தரையில் நிறுத்தியோ, கீழ்ப்பிடியை மட்டும் பற்றியோ, பின்னை ஒரு திருகு திருகி இழுங்கள். சீல் அறுந்து பின் வந்துவிடும். பதற்றத்தில் மேல்நெம்பையும் சேர்த்து அழுத்திக்கொண்டே இழுத்தால் பின் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு பலம் கொடுத்தாலும் வராது. கையைத் தளர்த்துங்கள், வந்துவிடும்.

காட்டு: தீயிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். முனையைத் தீயின் அடியில், எரியும் பொருளைப் பார்த்துக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவது மேலே ஆடும் கொழுந்துதான்; கையும் அங்கேயே போகும். கொழுந்தில் அடிக்கும் பொடி முழுக்க வீண். சிறிய கருவிகளில் குழாய் இருக்காது, முனை மட்டும் இருக்கும். அப்போது உருளையையே சாய்த்துக் குறிவைக்க வேண்டும்.

அழுத்து: மேல்நெம்பை ஒரே பிடியாக முழுக்க அழுத்துங்கள். சத்தமாகச் சீறிக்கொண்டு வரும். அறை வெண்புகை போல மூடும். இது முன்பே தெரிந்திருந்தால் திடுக்கிட்டுக் கையை விட மாட்டீர்கள்.

ஆட்டு: தீயின் அடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பெருக்குவதுபோல வீசுங்கள். அடங்க அடங்க ஓரடி முன்னால் போகலாம். வெட்டவெளி என்றால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.

அணைந்ததும் முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். பார்த்தபடியே பின்வாங்குங்கள். மறுபடி பற்றினால் மிச்சமிருக்கும் பொடியை அடியுங்கள். கருவி காலியாகியும் தீ இருந்தால், இன்னொரு கருவியைத் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டாம்; வெளியே போய்விடுங்கள்.

வாணலித் தீ

இதற்கு முதல் கருவி தீயணைப்பானே அல்ல, மூடி. அடுப்பை அணைத்து, வாணலியைவிடப் பெரிய உலோக மூடியையோ தாம்பாளத்தையோ உங்கள் பக்க ஓரத்திலிருந்து தள்ளி மூடுங்கள். மேலிருந்து போட்டால் கை தீக்கு மேல் போகும். மூடிய பிறகு அரை மணி நேரமாவது திறக்காதீர்கள். எண்ணெய் ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டதும் திரும்பப் பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது பெரிய ஆபத்து; எண்ணெய் தளும்பிக் கையிலும் காலிலும் கொட்டும்.

தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் இறங்கும். இறங்கிய அந்த நொடியே ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு பெருக்கும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் முழுக்கக் கூரை வரை சிதறும். ஒரு தம்ளர் தண்ணீர் போதும், சமையலறை முழுக்கத் தீயாக. வேலைக்கு வரும் அக்காவுக்கும், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதை மறக்காமல் சொல்லிவையுங்கள்.

மூடி கிடைக்கவில்லை, தீ அலமாரிக்குத் தாவுகிறது என்றால் ஏ.பி.சி. பொடியை எடுக்கலாம். ஆனால் நன்றாகத் தள்ளி நின்று, பொடி வாணலி மேல் மழைபோல விழும்படி அடிக்க வேண்டும். கிட்டே போய் நேராக அடித்தால் பீய்ச்சும் வேகமே எண்ணெயை வாரி இறைத்துவிடும். பொடி எண்ணெயைக் குளிர வைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்; திரும்பப் பற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர்

மூன்று நிலைமைகள் உண்டு. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

வாடை மட்டும் வருகிறது, தீ இல்லை: இங்கே தீயணைப்பானுக்கு வேலையே இல்லை. எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், மின்விசிறியும் அப்படித்தான். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். பூஜை அறை விளக்கு எரிகிறதா என்று நினைத்துப் பாருங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண் அது.

அடுப்பிலோ ரப்பர் குழாயிலோ தீ: ரெகுலேட்டர் திருகை மூடினால் கேஸ் நின்று தீ தானாக அடங்கும். சுற்றியிருப்பவை பற்றியிருந்தால் அதற்குப் பொடி.

சிலிண்டரின் வாயிலேயே தீ: இதுதான் எல்லோரையும் நடுங்க வைப்பது. தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் செய்து காட்டும் விளக்கத்தில், நனைத்த சாக்கை எரியும் சிலிண்டர் மேல் போர்த்தி அணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தீ அணைந்த அடுத்த நொடியே அவர்கள் வாயுவை மூடிவிடுகிறார்கள், சூட்சுமம் அங்கேதான். கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு திருகை எட்ட முடிந்தால் மூடுங்கள். எட்ட முடியவில்லை என்றால் பொடியடித்துத் தீயை மட்டும் அணைத்துவிடாதீர்கள். எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரியும். அணைந்த பிறகு கசியும் கேஸ் தெரியாமல் வீடு முழுக்க நிறைந்து, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எல்லோரையும் வெளியேற்றி, 101-க்கு அழைத்து, “சிலிண்டர் எரிகிறது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிலிண்டரின் உடல் மேல் தீ படுகிறது என்றால் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

மின்சாரம், பேட்டரி

சுவிட்ச் போர்டு, ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜின் பின்புறம், எதுவானாலும் முதலில் மெயினை இறக்குங்கள். மின்சாரம் நின்றுவிட்டால் அது சாதாரணத் தீ. நிறுத்த முடியாவிட்டாலும் ஏ.பி.சி. பொடியும் கார்பன் டை ஆக்சைடும் மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால், தாளில் சொன்ன தூரத்தில், குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி நின்று அடிக்கலாம். வீட்டில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

மின்சார ஸ்கூட்டர் பேட்டரி முற்றிலும் வேறு கதை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டோடு சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்தது முதல் யார் வீட்டுக்குப் போனாலும் சார்ஜர் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். லித்தியம் பேட்டரி பற்றினால் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். அது எரிய வெளிக்காற்றை மட்டும் நம்பியிருப்பதில்லை. பொடி மேலே தெரியும் சுடரை அடக்கலாம், உள்ளே நடப்பதை நிறுத்தாது. வரும் புகையும் நச்சு. சீறும் சத்தமோ, வெண்புகையோ, உப்பலோ தெரிந்தால் அணைக்க நிற்காமல் வெளியேறி 101-க்கு அழையுங்கள்.

ஆகவே இதில் சார்ஜ் போடும் இடம்தான் முக்கியம். வெளியே போக ஒரே வாசல்தான் இருக்கிறது என்றால், அந்த வாசலிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆள் மேல் தீப்பிடித்தால் பொடியோ கார்பன் டை ஆக்சைடோ அடிக்க வேண்டாம். ஓடவிடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டி, கனத்த பருத்திப் போர்வையால் மூடுங்கள். அணைந்ததும் புண் மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவாமல் 108-க்கு அழையுங்கள்.

அடித்த பிறகு

ஜன்னலைத் திற, மூக்கையும் வாயையும் மூடு, பிறகு சுத்தம் செய் என்ற வரிசையில் போங்கள். பொடியைக் காய்ந்த நிலையிலேயே மென்மையான தூரிகையால் கூட்டி அள்ளிவிட்டு, அப்புறம் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈரம் பட்ட பொடி அமிலத்தன்மை பெற்று உலோகத்தை அரிக்கும். மிக்ஸி, டிவி, சுவிட்ச் போர்டு மேல் விழுந்ததை நாள் கடத்தாமல் எடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். திறந்திருந்த உணவு, மாவு, காய்கறியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டே நொடி அடித்திருந்தாலும் ரீஃபில் செய்தே ஆக வேண்டும். வால்வின் வாயில் பொடி ஒட்டிக்கொள்வதால் அது முழுக்க மூடாது. சில நாளில் அழுத்தம் முழுக்க இறங்கிவிடும். வேலை செய்கிறதா என்று கொஞ்சம் அடித்துப் பார்க்கவும் கூடாது என்பது இதனால்தான். ரீஃபில் செய்பவர் புதுப் பொடி போடுகிறாரா என்று கூட இருந்து பாருங்கள். வெளியே துடைத்துப் புதுத் தாள் மட்டும் ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது, வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாதத்துக்கு ஒருமுறை

எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றும் நாளை இதற்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். முள் பச்சையில் நிற்கிறதா, பின்னும் சீலும் சரியாக உள்ளனவா, அடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்போம். முனைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் உண்டு. குளவி அந்தத் துளைக்குள் மண்கூடு கட்டிவிடும். கட்டியிருந்தால் பத்து நொடியும் போச்சு. பொடி அடியில் இறுகிவிடாமல் இருக்க உருளையைத் தலைகீழாகத் திருப்பி நிமிர்த்துவோம். கார்பன் டை ஆக்சைடு கருவிக்கு முள் கிடையாது, எடையைத்தான் பார்க்க வேண்டும். அதன் உருளைக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை உண்டு. பொடிக் கருவியை ஆண்டுக்கொரு முறை இதில் விவரம் தெரிந்தவரிடம் காட்டி, தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். பத்து ஆண்டு ஆனதை மாற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. அந்த வாரத்தில் ஊர்தோறும் செயல்விளக்கம் நடக்கும். குடியிருப்புச் சங்கம் வழியாகக் கேட்டால் உங்கள் இடத்துக்கே வருவார்கள். வேடிக்கை பார்க்காமல், அவர்கள் கொடுக்கும் கருவியை நீங்களே ஒருமுறை வாங்கி அடித்துப் பாருங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் அடிக்கட்டும்.

சென்ற ஏப்ரலில் அம்மாவை அழைத்துப் போனேன். மூட்டுவாதத்தால் விரல் மடங்காது என்று தயங்கினார். பின்னின் வளையத்துக்குள் ஆட்காட்டி விரலை விட்டு இழுப்பதற்குப் பதிலாக, ஒரு சின்னக் கரண்டியின் காம்பை வளையத்தில் நுழைத்துத் திருகும்படி அங்கிருந்த தீயணைப்பு வீரர் சொல்லிக்கொடுத்தார். உடனே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, பழைய கரண்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்.